சங்குமேட்டின் ஆறு மாதம்

திங்கட்கிழமை காலை செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில், மனு கொடுக்கும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நான்கே பேர். அப்போது தேசிங்கு அண்ணன் மகள் செல்வி போன் செய்தாள். “சித்தப்பா, அப்பா போயிட்டாரு. டீ குடிச்சிகினே இருந்தாரு, அப்பிடியே சாஞ்சிட்டாரு.” வரிசையை விட்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கையில் இருந்தது ஆறு குப்பத்துக்கும் பொதுவான மனு. அதைக் கொடுக்காமல் போய் நின்றால் தேசிங்கு அண்ணன் எழுந்து உட்கார்ந்து திட்டுவார். கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டுதான் மாமல்லபுரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். கண்டக்டர் டிக்கெட்டை என் சட்டைப் பையில் தானே செருகிவிட்டுப் போனார்.

அவரோடு பழகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாமல்லபுரம் கடலோரத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஆறு மீனவர் குப்பங்கள் சேர்ந்தது எங்கள் கூட்டமைப்பு. தலைமை ஊர் ஊராகச் சுற்றி வரும், ஒவ்வோர் ஊருக்கும் ஆறு மாதம். நான் பெரியகரைக் குப்பம். ஆறில் பெரியது நாங்கள், சத்தத்திலும் நாங்களே. எங்கள் ஊருக்கு மைக் என்றால் அது நான்தான். எங்களுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் சங்குமேடு ஆறிலும் சின்னது, இருபத்தாறு படகுகள். அந்த ஊருக்காகப் பேசும் ஆள் தேசிங்கு அண்ணன். முதுகு வலியால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, மாமல்லபுரத்தில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார்.

சீட்டுக் குலுக்கியதில் சங்குமேட்டின் முறை கடைசியாக வந்திருந்தது. அது வந்தபோது, தாண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து போகலாம் என்று நாங்கள் சொன்னோம். கூட்டம் போட அங்கே இடமில்லை, நாற்காலி இல்லை, வந்தவர்களுக்குச் சோறு போட ஆளில்லை என்று நான்தான் அடுக்கினேன். அண்ணன் நிதானமாக எழுந்தார். அவர் கடைக்கு ஒரு வெள்ளைக்காரர் நாலு நாள் தொடர்ந்து வஞ்சிரம் சாப்பிட வந்தாராம். ஐரோப்பாவில் ஏதோ சின்னத் தீவு நாட்டில் பள்ளி வாத்தியாராம். அங்கே பல நாடுகள் சேர்ந்து ஒரு ஒன்றியம் வைத்திருக்கின்றன, அதன் சபைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு நாடு தலைமை, இப்போது எங்கள் முறை என்று போனில் கொடியெல்லாம் காட்டிச் சந்தோஷப்பட்டாராம். “நம்ம மாவட்டத்த விடச் சின்ன நாடு. பக்கத்துல கீறதெல்லாம் மலமாட்டம் நாடுங்க. ஒர்த்தனும் உங்கிட்ட நாற்காலி கீதான்னு கேக்கல. முறை வந்துச்சு, குந்தினாங்க,” என்றார். சங்குமேட்டுக்குத் தலைமை வந்தது, அண்ணன் தலைவரானார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தராது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். தலைமையில் இருக்கும் ஊர் அந்த ஆறு மாதமும் தனக்காக எதையும் கேட்கக் கூடாது, பேசவும் கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதியை எழுதியவன் நான். அப்போது சங்குமேட்டுக்கு உயிர்ப் பிரச்சினை ஒன்று இருந்தது. அவர்கள் கரையைக் கடல் தின்றுவிட்டிருந்தது. மழைக்காலத்துக்குள் படகுகளை ஏற்றிவைக்க எங்கள் கரையில் ஓரமாக இடம் கேட்டிருந்தார்கள். இடம் கிடைக்காவிட்டால் படகுகளை விற்றுவிட்டுக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். நாங்கள் இழுத்தடித்துக்கொண்டே வந்து, சரியாக அவர்கள் தலைமையில் நடக்கப்போகும் கூட்டத்தில் அதை முடிவு செய்வதாக வைத்தோம். அவர்கள் வாய் கட்டியிருக்கும் நேரம் பார்த்து. அந்த யோசனையும் என்னுடையதுதான்.

அண்ணன் கோபப்படவில்லை. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு ஆறு ஊருக்கும் நடந்தே போய் ஒரு செய்தி சொன்னார். இந்த முறை எந்த ஊரும் தனக்காகப் பேச வேண்டாம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஜோடி ஜோடியாக, ஒன்றுக்காக மற்றது பேசட்டும். பேசும் வரிசையை வைப்பது தலைவரின் உரிமை என்பதால் யாராலும் மறுக்க முடியவில்லை. எங்களுக்கு ஜோடி சங்குமேடு. எனக்குச் சுருக்கென்றது. உங்கள் ஊருக்கு வசதியாகச் சட்டம் போடுகிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன். “எங்க ஊருக்கு நான் எங்க பேசறேன்? நீதான் பேசப்போற. உனக்கு இன்னா தோணுதோ பேசு. பொய் சொன்னாலும் கேட்டுகினு குந்திருப்பேன். ஆனா ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் பேசு,” என்றார்.

எதிராகப் பேச விஷயம் பொறுக்கத்தான் போனேன், மறைப்பானேன். கூப்பிடு தூரத்து ஊர். கரை போன பிறகு நான் அங்கே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சிமெண்ட் ரோடு பாதியில் உடைந்து கடலைப் பார்த்து நின்றது. படகுகளையெல்லாம் வீடுகளுக்கு நடுவே சந்துகளில் ஏற்றி, வாசல் தூண்களில் கட்டியிருந்தார்கள். அண்ணன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு படகு. செல்வி, “படகுல ஏறி அந்தாண்ட எறங்கு சித்தப்பா, நாங்க அப்பிடித்தான் வூட்டுக்குள்ள போறோம்,” என்றாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகேறி இறங்கிப் போய்த்தான் டீ குடித்தேன். அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது எங்கள் கரையில் நின்றேன். கரை அரிக்காமல் இருக்க எங்கள் கோரிக்கைப்படி கடலுக்குள் கல் கொட்டினார்களே, அந்தத் தூண்டில் வளைவுக்கு இந்தப் பக்கம் மணல் பரந்து கிடந்தது. பிள்ளைகள் வாலிபால் ஆடினார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் கடல் அண்ணன் ஊரை அறுத்துக்கொண்டிருந்தது. எங்கள் கல்லால்தான் இது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

கூட்டம் சங்குமேட்டில்தான் நடந்தது. நாற்காலி இல்லாததால் எல்லோரும் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். என் முறை வந்தது. என் பின்னால் என் ஊர்க்காரர்கள் நாற்பது பேர். “நம்ம கரையில கீற மணலு முக்காவாசி இவங்களுது. நாம கல்லு கொட்டுனோம், மணலு நம்ம கிட்ட வந்துச்சு, கடலு இவங்க கிட்ட போச்சு. இவங்க எடம் கேக்கல. இவங்க மணலத்தான் கேக்கறாங்க,” என்றேன். என் மச்சான் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அண்ணன் சிரிக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. “வேற ஆராச்சும் பேசணுமா?” என்று கேட்டார். யாருமில்லை. கை தூக்கச் சொன்னார். தலைமை ஊரைத் தவிர ஐந்து ஊரும் தூக்கின, எங்கள் ஊர் உட்பட. முடிவை எழுதப் பேனாவை எடுத்தவர், எழுத முடியாமல் என்னிடம் நீட்டினார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு.

அடுத்த ஞாயிறு காலை இருபத்தாறு படகுகளும் கொடி கட்டிக்கொண்டு கல்லைச் சுற்றி எங்கள் கரைக்கு வந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். எங்கள் பிள்ளைகள் பட்டாசு வெடித்தார்கள், மேளம் அடித்தார்கள். கோபித்துக்கொண்டு போன என் மச்சான்தான் முதல் படகுக்குத் தோள் கொடுத்தார். கூட்டமைப்பில் நான் இத்தனை வருஷம் கத்தியதில் அப்படி ஒரு நாளைக் கண்டதில்லை. அந்த மழைக்காலத்தில் சங்குமேட்டுப் படகு ஒன்றுகூட உடையவில்லை. ஒருவர்கூடத் தொழிலை விடவில்லை. ஜோடிப் பேச்சை ஆறு ஊரும் நிரந்தர விதியாகவே எழுதிக்கொண்டோம்.

ஒருநாள் கடையில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தவரிடம், என்னை மடக்கத்தான் அப்படிச் செய்தீர்களா என்று கேட்டேன். “உன்ன மடக்க முடியுமா? நீ நல்லவன்னு தெரியும். நடந்து வரத்தான் சோம்பேறி,” என்றார். நான் வாங்கிய பாராட்டுகளில் அதுதான் பெரியது.

அவரை எடுத்த அன்று ஆறு குப்பத்திலும் ஒரு படகுகூடக் கடலுக்குப் போகவில்லை. எங்கள் கரையில் நிற்கும் அந்த இருபத்தாறு படகுகளுக்கு நடுவே நடந்துதான் நான் போனேன். இரங்கல் பேச அவர் ஊர்க்காரர் ஒருவர் எழுந்தபோது செல்வி கையமர்த்தினாள். “அப்பா சட்டப்படி பெரியகரதான் பேசணும்,” என்றாள். அதனால்தான் அன்று பேசியதும் நான், இன்று இதை எழுதுவதும் நான்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த நடைதான். பேசுவதற்கு முன்னால் பக்கத்து ஊருக்கு ஒருமுறை நடந்துவிடுகிறேன். இப்போது தலைமை எங்கள் ஊருடையது, தலைவன் நான். எங்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும். விதிப்படி அதைக் கேட்க எனக்கு வாயில்லை. காரியம் முடிந்த மறுநாளே சங்குமேடு தன் சார்பில் பேசச் செல்வியைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இன்று காலை அவள் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்கும் வந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ கொடுத்து, சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டேன்.