பதினாறு நிமிடப் பரங்கிக்காய்

ஏர் ஃபிரையர் வந்த அன்றே, அதற்குத் தன் குசினியில் இடமில்லை என்று மஹ்பூபா சொல்லிவிட்டாள். சென்னையிலிருந்து மகன் கபீர் அனுப்பியிருந்தான். அது கூடத்தில், பழைய டிவி ஸ்டாண்டின் மேல், ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே குடியேறியது.

அவள் கணவர் ஜவஹர் அலி அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. குவைத்தில் ஒரு கம்பெனிக் கிடங்கில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத விடுப்பில் காரைக்காலுக்கு வருவார். வந்த இடத்தில் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் தனக்கென்று ஒரு மூலை கிடைத்ததே அவருக்குப் பெரிது.

அறுபது வயதில் அவர் ஊரோடு வந்தபோது நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் இருந்தது. பொரித்தது எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏர் ஃபிரையரில் முதலில் மீன் வைத்துப் பார்த்தார். தொழுகிற இடத்தில் கவிச்சி அடிக்கிறது என்று மஹ்பூபா சத்தம் போட்டாள். கோழிக்கும் அதே தீர்ப்பு. கடைசியில் மிஞ்சியது பரங்கிக்காய்தான்.

பரங்கிக்காயைத் தோலோடு பிறை பிறையாக நறுக்குவார். மிளகு, சீரகம், கொஞ்சம் சோம்பு வறுத்து இடித்த பொடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும். அதில் இரண்டு கரண்டி, உப்பு, நசுக்கிய பூண்டு, ஒரே ஒரு கரண்டி நல்லெண்ணெய். எல்லாவற்றையும் கையால் பிசறி மெஷினுக்குள் அடுக்குவார். பத்து நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் ஆறு. ஓரம் கருகி, நடுவில் வெண்ணெயாக இருக்கும். மீன் ஆணம் என்கிற குழம்புக்கும் சோற்றுக்கும் அதைத் தொட்டுக்கொள்வார்.

"தோலைச் சீவாம யாராவது பரங்கிக்காய் ஆக்குவாங்களா? மாட்டுக்குப் போடுற மாதிரி."

"மாடு விவரமானது மஹ்பூபா. ஒரு துண்டு தின்னு பாரேன்."

"பரங்கிக்காய்னா வெல்லமும் தேங்காயும் போடணும். மொளவைப் போட்டு அதைக் கெடுத்து வச்சிருக்கீங்க. நீங்களே தின்னுங்க."

ஏழு வருடம் அவரே தின்றார். அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. ஆனால் மெஷினின் மணிச் சத்தத்தை மட்டும் தினமும் கேட்டாள். அவர் பள்ளிவாசலிலிருந்து வந்து மெஷினைப் போடுகிற நேரம்தான் அவள் லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு நிற்கிற நேரம். அவள் கடமையான பர்லு தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கும்போது முதல் மணி அடிக்கும். அதற்குப் பிறகான சுன்னத் தொழுகையும், துதிகளை எண்ணி ஓதுகிற தஸ்பீஹும் முடிகிறபோது இரண்டாவது மணி அடிக்கும். தொழுகிற இடத்தில் இது என்ன டிங் டிங் என்று அதற்கும் ஒரு சண்டை உண்டு.

செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஜவஹர் அலி மவுத்தானார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அளவுக்குக்கூட நேரம் இல்லை.

மவுத்தான வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சோறு கொண்டுவருவார்கள். அப்படியே வந்தது. அடுத்த வீட்டு அற்புதம் கிறிஸ்துவப் பெண், பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று வேளையும் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்து வைத்தாள். நான்காம் நாள் நாத்தனார் சஜிதா, "மச்சி, இன்னையிலேர்ந்து அடுப்பைப் பத்த வைங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அற்புதம் இட்லி கொண்டுவந்திருந்தாள். அதனால் தேவைப்படவில்லை. மறுநாள் கஞ்சி வந்தது. அதற்கு அடுத்த நாளும்.

பிறகு கபீரும் அவன் மனைவி நௌஷினும் சென்னைக்குப் போய்விட்டார்கள். மஹ்பூபா தனியாக இத்தா இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. அது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அடுப்புதான் கஷ்டமாக இருந்தது. தினமும் குசினிக்குப் போவாள். லைட்டரைக் கையில் எடுப்பாள். திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுவாள். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மூன்று நாள் என்பது ஊர்க்கணக்கு. அவளுடைய மூன்று நாள் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். அற்புதத்தின் கஞ்சி, பன், வாழைப்பழம் என்று நாள் போனது.

இதைக் கண்டுபிடித்தது கேஸ் சிலிண்டர். டிசம்பரில் வந்த கபீர், பதிவு பண்ண வேண்டுமா என்று பார்க்க அதைத் தூக்கினான். தூக்க முடியவில்லை.

"உம்மா, வாப்பா இருக்கும்போது மாத்துன சிலிண்டர் இது. மூணு மாசமா அப்படியே கனக்குது. என்னதான் சாப்பிடுறீங்க?"

"எதையாவது சாப்பிடுறேன். ஒத்தைக்கு எவ்வளவு ஆகும்?"

அவன் இடுப்பை அளந்து பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். ரவிக்கையின் கை தொளதொளவென்று தொங்கியது.

"இத்தா முடிஞ்ச மறுநாள் காரோட வர்றேன். வீட்டைப் பூட்டிட்டுச் சென்னைக்கு வந்துடுங்க."

"பத்தாவது மாடியில நான் என்னடா பண்ணுவேன்? நான் வரலை."

"அப்ப ஆக்கித் தின்னுங்க. தின்னு காட்டுங்க. வீடியோவுல பாப்பேன். இல்லைன்னா பேச்சே கிடையாது, தூக்கிட்டுப் போயிடுவேன்."

அவன் சொன்னால் செய்கிறவன். இனி ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் அவள் சமைத்தாக வேண்டும், அல்லது வீட்டை விட வேண்டும்.

கபீர் கிளம்பிப் போன அன்று லைட்டரை மூன்று முறை எடுத்தாள். மூன்று முறையும் மாட்டினாள். கூடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது எதிரே மெஷின் இருந்தது. அதில் தீ இல்லை. மூட்டுவதற்கு ஒன்றும் இல்லை, திருகினால் போதும். இதை யாரும் அடுப்பு என்று சொல்ல முடியாது.

அவள் காய்கறிக்குச் சொல்லுகிற வழி சுற்றுவழி. இத்தா தொடங்கியதிலிருந்து நௌஷின்தான் சென்னையிலிருந்து காய்க்காரர் செந்தில்குமாருக்கு போன் பண்ணுவாள். அவர் வண்டியை நிறுத்தி, வாசலில் பையை வைத்து, குரல் கொடுத்துவிட்டுப் போவார். மஹ்பூபா மருமகளிடம் ஒரு பரங்கிக்காய் சொல்லச் சொன்னாள். நௌஷின் திருநெல்வேலிக்காரி. அவள் ஊரில் அதற்குப் பெயர் பூசணிக்காய். அப்படியே சொல்லிவிட்டாள்.

மறுநாள் வாசலில் செந்தில்குமாரின் குரல் கேட்டது. "பாயம்மா, பூசணிக்காய் வச்சிருக்கேன். யாருக்கும்மா திருஷ்டி சுத்தப் போறீங்க?"

"பூசணியா? நான் பரங்கிக்காயில்ல கேட்டேன்!" என்று உள்ளே இருந்து கத்தினாள். வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. கதவைத் திறந்தால், சாம்பல் பூத்து, குழந்தைத் தலையைவிடப் பெரிதாக ஒரு வெள்ளைப் பூசணி உட்கார்ந்திருந்தது.

மதியம் கபீர் அழைப்பான். எதுவானால் என்ன என்று அதையே நறுக்கி, பொடியைப் பிசறி உள்ளே வைத்தாள். மணி அடித்து இழுத்தால், தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும் அதில் மிதக்கிற வெள்ளைத் துண்டுகளும் இருந்தன. போனில் நௌஷினின் முகம் தெரிந்தது.

"என்ன மாமி இது? தடியங்காயைப் போட்டு வச்சிருக்கிய?"

"நீ சொன்ன பூசணிதான் இது."

"அய்யோ, பூசணின்னா மஞ்சளா இருக்குமே!"

"எங்க ஊர்ல மஞ்சளா இருந்தா பரங்கி. உங்க ஊர்ல எது எதுவோ, எனக்கு என்ன தெரியும்?"

நௌஷின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மஹ்பூபாவுக்கும் சிரிப்பு வந்தது. கபீர் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு மதியம் என்ன சாப்பிட்டீங்க உம்மா?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "அற்புதம் கஞ்சி."

"சரி. ஜனவரி பதினோராம் தேதி காலையில வர்றேன். துணியெல்லாம் எடுத்து வச்சிடுங்க."

அன்று சாயங்காலம் அவள் முதல் முறையாகத் தானே செந்தில்குமாருக்கு போன் பண்ணினாள்.

"பாய் வாங்குவாரே, அந்தப் பரங்கிக்காயா?" என்றார் அவர். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே பாயம்மா. அவருக்குப் பெருசு ஆகாது. நெடுங்காட்டுலேர்ந்து வர்றது, சின்னதா, தட்டுனா டொக்குடொக்குன்னு கேக்கணும். நாலு காயை என் காதுல வச்சுத் தட்டச் சொல்லுவாரு. தெருவே வேடிக்கை பாக்கும்."

இது அவளுக்குத் தெரியாத செய்தி. ஏழு வருடம் அந்தக் காயை அவள் வீட்டுக்குள் வந்த பிறகுதான் பார்த்திருக்கிறாள்.

காய் வந்தது. தட்டிப் பார்த்தாள். டொக்கென்றுதான் கேட்டது. பழக்கத்தில் தோலைச் சீவி வைத்தாள். துண்டுகள் குழைந்து கம்பியில் ஒட்டிக்கொண்டன. மறுநாள் தோலோடு வைத்தாள். டயலில் இருந்த எண்கள் அவர் விரல் பட்டு அழிந்திருந்தன. எவ்வளவு திருகுவது என்று தெரியவில்லை. கடைசிவரை திருகிவிட்டுத் தொழ நின்றாள். ஸலாம் கொடுத்ததும் எழுந்து திருப்பிப் போட்டாள். தஸ்பீஹ் முடிந்ததும் போய் இழுத்தாள். ஓரம் கருகி, நடுவில் வெண்ணெயாக இருந்தது.

நின்றபடியே ஒரு துண்டு தின்றாள். காரம் அதிகம். தோல் அவள் நினைத்ததுபோல் சக்கையாக இல்லை, பல்லுக்குக் கொஞ்சம் வேலை வைத்தது. இன்னொரு துண்டு தின்றாள். அற்புதம் கொண்டுவந்த கஞ்சிக்கு மிச்சத் துண்டுகளைத் தொட்டுக்கொண்டாள்.

"தீயே இல்லாம வேகுதாக்கா?" என்று அற்புதம் தட்டை எட்டிப் பார்த்தாள். "எனக்கும் ரெண்டு வைங்க. என் கஞ்சியைத் தின்னு தின்னு உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சேன். பரவாயில்ல, உசிரு இருக்கு."

தினமும் அதே சமையல்தான். வீடியோவில் காட்டினாள். கபீர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு காயை வச்சுக்கிட்டு மனுஷன் இருக்க முடியாதும்மா. அடுப்பு எரியணும்."

ஜனவரி ஒன்பதாம் தேதி ஹார்லிக்ஸ் பாட்டிலில் பொடி தீர்ந்துவிட்டது. கவிழ்த்துத் தட்டினாள், அரைக்கரண்டிகூடத் தேறவில்லை. வெறும் உப்பைப் போட்டு வைத்துப் பார்த்தாள். இனித்தது. அவளுக்கு எப்போதும் பிடித்த இனிப்புதான், ஆனால் அது இப்போது சாப்பாட்டுக்கு ஆகவில்லை.

மிளகு டப்பாவில் மிளகு இருந்தது, சீரகம் இருந்தது. வறுக்க வேண்டும். அதையும் மெஷினிலேயே கொட்டித் திருகினாள். உள்ளே காற்று சுழன்றது. மிளகெல்லாம் கிளம்பி, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் சடசடவென்று அடித்தது. சீரகம் பறந்து இடுக்குகளில் போய் மாட்டிக்கொண்டது. அவசரமாக ஸ்விட்சை அணைத்தாள். திறந்தால் பாதிக்கு மேல் காணவில்லை.

"நல்ல மெஷின் வாங்கினீங்க" என்றாள், யாரும் இல்லாத கூடத்தைப் பார்த்து.

பிறகு குசினிக்குப் போனாள். இரும்புச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். மிச்ச மிளகையும் சீரகத்தையும் சோம்பையும் அதில் போட்டாள். லைட்டரை ஆணியிலிருந்து எடுத்தாள். நான்கு மாதம் சும்மா கிடந்தது, இரண்டு முறை அமுக்கியும் பொறி வரவில்லை. மூன்றாவது முறை பற்றிக்கொண்டது. வறுக்க இரண்டு நிமிடம்தான் ஆனது. மிளகு வெடிக்கத் தொடங்கியதும் சட்டியை இறக்கினாள். அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. வீணாக எரிவானேன் என்று டீக்குத் தண்ணீர் வைத்தாள். அது இறங்கியதும் ஒரு கைப்பிடி அரிசியும் போட்டாள்.

பதினோராம் தேதி காலையில் சொன்னபடியே கபீர் காரோடு வந்தான். வந்ததும் வராததுமாகக் குசினிக்குப் போய் சிலிண்டரைப் பிடித்தான்.

"தூக்காதே, இடுப்புப் பிடிச்சுக்கும். ரெண்டு நாளுல என்ன கொறைஞ்சிருக்கப் போவுது? உக்காந்து சாப்பிடு."

சோறு, கொடுவா மீன் ஆணம், பரங்கிக்காய். அவன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான். இரண்டாவது முறை சோறு கேட்டான். தட்டின் ஓரத்தில் பரங்கித்தோலை வரிசையாக ஒதுக்கி வைத்திருந்தான்.

"தோலோட தின்னு" என்றாள் மஹ்பூபா.

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றான். மூன்று மணிக்குக் கார் கிளம்பியது. பின்சீட்டில் அவள் பெட்டி இல்லை. நௌஷினுக்கென்று அவள் கொடுத்துவிட்ட ஒரு நெடுங்காட்டுப் பரங்கிக்காய் மட்டும் இருந்தது. அதைப் பூசணி என்று சொல்லக் கூடாது என்றும் சொல்லியனுப்பினாள்.