ஞானம்மாள் குடித்த ஒரு வாய்

ஞானம்மாள் வாழ்நாளில் ஒரே ஒரு வாய்தான் குடித்தாள். அதையும் ஆத்திரத்தில் குடித்தாள்.

திருத்தணியில் சித்தூர் சாலையோரம் வரதராஜனுக்கு எட்டு விசைத்தறிகள். தறிக்கொட்டகையும் வீடும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தன. அந்த வீட்டில் ஒன்பது வருஷமாகப் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்த்தவள் ஞானம்மாள். வரதராஜனின் பேரனுக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துக் கஞ்சிமாவு திரிப்பதும் அவள்தான். மத்தியானத்துக்கு மேல் வேறு இரண்டு வீடுகள். புருஷன் சாமிநாதன் ஆந்திர எல்லை தாண்டி நகரிப் பக்கம் போய்ச் சாராயம் குடித்துக் குடித்தே செத்தவன். அதற்குப் பிறகு அந்த வாசனை அடிக்கிற தெருவைக்கூட அவள் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

1983 ஆடி மாதம். வரதராஜனின் அக்காள் புருஷன் நாகேந்திரன் கப்பலில் இஞ்சினியர். ஸ்காட்லாந்து விஸ்கி பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, திறந்து தான் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மிச்சத்தை மைத்துனனுக்குக் கொடுத்துப் போனார். வரதராஜன் ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு மாலை போட்டிருந்தார். மோந்துகூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்தார்.

காவடி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு சிநேகிதர்கள் முன்னால் பாட்டிலைத் திறந்தார். புகை வாசனை இல்லை. எப்போதோ மெட்ராஸில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் குடித்த ஸ்காட்ச் அடுப்படிப் புகைபோல வாசனை அடித்தது. அன்றிலிருந்து ஸ்காட்ச் என்றால் புகை அடிக்கும் என்பது அவர் முடிவு. சிநேகிதர்கள் சிரித்தார்கள். பாவா நாகேந்திரன் ஏமாற்றுகிறவர் இல்லை. அலமாரி இருக்கும் அறையைப் பெருக்குகிறவள் ஞானம்மாள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை காலை, தன்னைத் தவிர யாரும் தொடக்கூடாத மெயின் சுவிட்சை இறக்கித் தறிகளை நிறுத்தினார். ஞானம்மாளைக் கொட்டகைக்கு வரவழைத்தார். எட்டு நெசவாளர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“திருடி! அசலை எடுத்து வித்துட்டு, எதையோ ஊத்தி வச்சிருக்கா. குடிகாரன் பொண்டாட்டி புத்தி வேற எப்பிடி இருக்கும்?”

திருடி என்றதைவிடச் செத்தவனை இழுத்ததுதான் அவளைச் சுட்டது. அவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள். மூடி நிறைய ஊற்றி வாயில் விட்டுக்கொண்டாள்.

நாக்கு எரிந்தது. எரிச்சல் அடங்கியதும் தேன்போல ஒன்று. அதுவும் போனபின், தொண்டையில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று வந்து நின்றது. முளைகட்டிய துணிமூட்டையை அவிழ்த்ததும் முகத்தில் அடிக்குமே, அந்தப் பச்சை இனிப்பு.

“இது சாராயம் இல்ல. அது எப்பிடி நாறும்னு எனக்குத் தெரியும், அதும் பக்கத்துலயே பத்து வருசம் படுத்துகினு இருந்தவ நான். இது மொளைகட்டின தானியம். போன ஐப்பசி மழையில கஞ்சிக்குக் கேவுர அடுப்புக்கு மேல காயவச்சேன், பொகை நாறுதுன்னு உங்க பேரன் துப்பினான். வெயில்ல காயவச்சது நாறல. இதைக் காயவச்சவன் பொகை காட்டாம காயவச்சிருக்கான். அவ்ளோதான் மொதலாளி.”

“ஒரே வாயில இவ்ளோ கண்டுபிடிச்சிட்டியா? நல்ல பழக்கந்தான்” என்றார் வரதராஜன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் குழாயடியில் மூன்று முறை வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியேறினாள்.

செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மத்தியான வீடுகள் இரண்டிலும் வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஊரில் திருடி என்று பேர் எடுத்தவளை எந்த வீட்டுக்குள்ளும் விடமாட்டார்கள். மூன்று நாள் தன் வீட்டிலிருந்த நாலு பாத்திரங்களையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

வியாழக்கிழமை நாகேந்திரன் வந்தார். கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு மடக்குக் குடித்து, அன்றைக்குக் குடித்த அதே சரக்குதான் என்றார். புகைபோட்டு பார்லியை உலர்த்துகிறவர்களும் உண்டு, வெறும் சூட்டில் உலர்த்துகிறவர்களும் உண்டு, அந்தம்மா சொன்னதுதான் சரி என்றார்.

வரதராஜனின் மனைவி காஞ்சனா ஞானம்மாளுக்கு ஆள் அனுப்பினாள். கஞ்சிமாவும் தீர்ந்துபோயிருந்தது.

ஞானம்மாள் வந்தாள். படி ஏறவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டதாகவும், உள்ளே போய் வேலையைப் பார்க்கும்படியும் வரதராஜன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

“என்னைத் திருடின்னு எங்க சொன்னீங்களோ, அங்க வந்து சொல்லுங்க.”

அவர் முகம் கறுத்தது. காஞ்சனா பார்த்த பார்வைக்காக எழுந்து கொட்டகைக்கு நடந்தார். எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவில் நின்று வாயை அசைத்தார். பக்கத்தில் நின்றவளுக்கே ஒன்றும் கேட்கவில்லை. சொல்லியாயிற்று என்பதுபோலத் திரும்பினார்.

ஞானம்மாள் சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். தறிகள் அப்படியே நின்றன. எட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள்.

“இப்ப சொல்லுங்க” என்றாள்.

சொன்னார். கடைசித் தறியில் இருந்தவன்வரை கேட்டது. அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், கேட்டைத் தாண்டிப் போனாள். சுவிட்சை அவர்தான் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.