ஆறு லோரிக்கு ஒரு ரிமோட்

எதை வாங்கப் போனாலும் வாலண்டைன் முதலில் அது எங்கே உடையும் என்றுதான் பார்ப்பார். முப்பத்தோரு வருடம் ரயில்வே பட்டறையில் சரக்கு வேகன்களைப் பழுது பார்த்தவர். பழக்கம் சும்மா விடுமா?

ஓய்வு பெற்று நான்கு மாதமாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கதவுக் கீல்களுக்கெல்லாம் மூன்று முறை எண்ணெய் போட்டாயிற்று. மனைவி டோரிஸுக்குப் பொறுமை போய்விட்டது. ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டம் வைத்திருந்த அவள் தம்பி, அத்தான் வந்து தோட்டத்து கேட் பக்கம் காவலுக்கு உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லியனுப்பியிருந்தான். கேட் பக்கம் உட்காருவதா? வாலண்டைன் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு மறுபடி கீல் பக்கம் போனார்.

அப்போதுதான் ரிமோட்டில் ஓடும் பொம்மை லோரிகளைப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் யோசனை வந்தது. திருவிழாவன்று சர்ச் திடலில் விட்டுப் பார்க்கட்டும், சச்சரவில்லாமல் நடந்தால் ஞாயிறுதோறும் விடலாம் என்று ஃபாதர் சொன்னார். நடக்காவிட்டால் ஜெஞ்சாரோம்தான் என்று டோரிஸ் சொன்னாள்.

தங்கமணியின் விளையாட்டுச் சாமான் கடைக்கு அவர் ஐந்து நாள் நடந்தார். பெரிய சக்கரம் என்றால் புல்லில் ஓடும், ஆனால் அச்சு மெலிசு. இரும்பு உடம்பு உடையாது, ஆனால் பேட்டரியைத் தின்னும். முதல் நாள் முடிவு செய்ததை மறுநாள் அவரே மறுத்தார்.

"எதும்மா அடி தாங்கும்?"

"எல்லாமே தாஹான்தான் லா, அங்கிள். நல்லாத் தாங்கும்."

அந்தப் பதிலில் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போனது. கடைசியில் லோரிகளை மேசையிலிருந்து கீழே போட்டார், மேலே ஏறி மிதித்தார். இரண்டு நொறுங்கின. தங்கமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மஞ்சள் லோரி மட்டும் அசையவில்லை. அந்த ரகத்திலேயே ஆறு கேட்டார். ஒரே ரகமாக இருந்தால் ஒன்றின் சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடலாம். பட்டறைக் கணக்கு அது. வீட்டில் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டிப் பார்த்து, திரும்பப் பெட்டியில் வைத்தார். வேகன்களையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

திருவிழாவன்று ஆறு பிள்ளைகள் கையில் ஆறு ரிமோட் கொடுத்தார். ஒரு பையன் முன்னே போக அழுத்தினான். ஆறு லோரியும் கிளம்பின. இன்னொருவன் பின்னால் இழுத்தான். ஆறும் நின்ற இடத்தில் வலிப்பு வந்ததுபோல் துடித்தன. என் லோரியை அவன் ஓட்டுகிறான் என்று ஒரு பிள்ளை அழ, அதன் தாய் சண்டைக்கு வந்துவிட்டாள். சர்ச் வாசலில் நின்று ஃபாதர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ரகம் என்பதால் ஆறு ரிமோட்டுக்கும் ஒரே அலைவரிசை என்பது வாலண்டைனுக்குப் புரியவில்லை. ஒரு லோரியைக் கவிழ்த்து அச்சைப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றினார். எல்லாம் சரியாக இருந்தது. எதுவும் உடையாமலே எல்லாம் கெட்டுப்போவதை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. ஜெஞ்சாரோம் கேட் கண்ணுக்குள் வந்து நின்றது.

அவமானத்தோடு ரிமோட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, சுவிட்சை அணைத்தார். சந்திரகலா என்ற சிறுமி மட்டும் தரமாட்டேன் என்று அடம்பிடித்து, தன்னுடையதை அழுத்தினாள். ஆறு லோரியும் சேர்ந்து கிளம்பின, சேர்ந்து வளைந்தன, சேர்ந்து நின்றன. திடலில் சத்தம் அடங்கியது.

பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு ரிமோட்தான் வேண்டியிருந்தது. வரிசை சர்ச் படிவரை நீண்டது. ஆளுக்கு ஒன்று கொடுத்தபோது அழுதவர்கள் ஒன்றுக்காக ஏன் இப்படிக் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஃபாதர் வந்து, அடுத்த ஞாயிறு சீக்கிரமே வந்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் டோரிஸ் பெட்டிகளைக் கொண்டு வந்தாள்.

"தம்பிகிட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன். வாங்க, போவோம்."

வாலண்டைன் அசையவில்லை. ரிமோட் அவர் கையில் இருந்தது. முப்பத்தோரு வருடம் அவர் பழுது பார்த்த வேகன்களை வேறு யாரோதான் ஓட்டிக்கொண்டு போனார்கள். மெதுவாக அழுத்தினார். ஆறும் கிளம்பின.

"கொஞ்சம் இரு," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் முறை இன்னும் முடியல."