பச்சைப் பொன்னாடையும் ஒரு டிராவும்

எங்கள் வீட்டுக்குள் ரஷ்யக் கால்பந்து வந்ததற்கு என் மகளின் "ம்"தான் காரணம். மருத்துவம் படிக்க அவள் ரஷ்யாவுக்குப் போன செப்டம்பரில், முதல் வாரம் போனை எடுத்தால் வைக்கவே மாட்டாள். அடுத்தடுத்த வாரங்களில் பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. சாப்பிட்டியா என்றால் "ம்". குளிருதா என்றால் "ம்". ரூம்ல உள்ள பிள்ள நல்லா பேசுதா என்றால் அதற்கும் "ம்". நான் மும்பை செம்பூரில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறவள். வாயைத் திறக்க மறுக்கிற ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்காவது எங்கே வலிக்கிறது என்று தெரியும். இவளுக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை, பயமாக இருந்தது.

பேச எதையாவது தேடியாக வேண்டும் என்று, கிளினிக்கில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அவள் இருக்கும் நகரத்தின் பெயரைப் போனில் தட்டினேன். ஒரு ஆறு வந்தது, ஒரு பாலம் வந்தது, அப்புறம் அந்த நகரத்தின் கால்பந்து கிளப் வந்தது. நீலமும் வெள்ளையும் கலந்த சட்டை. போன சீசனில் ரஷ்ய லீக்கில் நன்றாக ஆடியதால் இந்த வருஷம் ஐரோப்பியக் கோப்பையிலும் ஆடுகிறார்களாம். அன்றைக்குப் போன் வந்ததும், "உங்க ஊரு டீம் நேத்து ரெண்டு கோல் போட்டுட்டாவ போலயே" என்றேன். "மம்மி, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பல நாள் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. விடுவேனா நான்?

இப்போது ரஷ்ய கிளப்புகளை ஐரோப்பாவில் ஆட விடுவதில்லை. அப்போது ஆடிக்கொண்டிருந்தார்கள். வாரக் கடைசியில் லீக், நடுவாரத்தில் ஐரோப்பா. நான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். ஒரே நாட்டுக்குள் ஒரு மேட்ச் ஆட அவர்கள் விமானத்தில் அரை நாள் போகிறார்கள். கல்யாணிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்டால் ஆறுதலடைவார்கள். டிசம்பர் வந்தால் பனியில் லீக்கையே மூடிவிட்டு மார்ச்சில்தான் திறக்கிறார்கள். எங்கள் கிளப் சொந்த மைதானத்தில் ஆளை மிரட்டும். வெளியூர் போனால், யாரையும் தெரியாத கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஓரமாக நிற்கும். "எங்கள் கிளப்" என்று எப்போது சொல்ல ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

என் கணவர் மாட்டுங்காவில் ஒரு ஹவுசிங் சொசைட்டிக்கு எலெக்ட்ரீஷியன். கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் விளையாட்டு என்று ஒத்துக்கொள்ளாத மனிதர். தாராவியில் நாங்கள் இருப்பது ஏழாவது மாடி, லிஃப்ட் நினைத்தால் வரும். "ஒன்றர மணி நேரம் ஓடி ஒரு கோலு கூட இல்ல. எட்டி, இதுக்கு நம்ம லிஃப்ட் எவ்வளவோ மேல, எப்பமாவது ஏறத்தான் செய்யுது" என்பார். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார், மேட்ச் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்.

சர்ச்சில் புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருத்தியும் ஒரு விண்ணப்பம் சொல்ல வேண்டும். மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிரசவம், மாமனாருக்கு முட்டுவலி என்று போய்க்கொண்டிருந்தபோது, நான் இந்த டீமைச் சொன்னேன். கூட்டம் நடத்தும் அக்கா கண்ணைத் திறந்துவிட்டார். "பந்து விளையாட்டுக்கா ஜெபம்?" என்றார். "அவங்க ஜெயிச்சாத்தான்க்கா என் பிள்ள வாயத் திறந்து பேசுதா" என்றேன். அக்கா கண்ணை மூடி, "அந்த நீலச் சட்டைப் பிள்ளைகளைக் கண்ணோக்கும் ஆண்டவரே" என்று ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு தாராவியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வாராவாரம் என்னிடம் ஸ்கோர் கேட்டார்கள்.

நவம்பரில் மகள் அதைச் சொன்னாள். "ஜனவரி பரீட்சைய எழுதிட்டு வந்துடுதேன் மம்மி. திரும்பிப் போக மாட்டேன்." நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, பாடம் பாதி புரியவில்லை, தெருவில் ஒருத்தரும் சிரிப்பதில்லை என்றாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அழாமல் சொன்னாள். இவர் அன்றைக்கே போனில் விமான டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். "வரட்டுமே. பிள்ளய விட படிப்பா பெருசு?" எனக்கும் அவள் வர வேண்டும் என்றுதான் இருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் டாக்டராகத்தான் ஆவேன் என்று எங்கள் இரண்டு பேரையும் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்துப் போனவள் அவள். தோற்றுப்போய் வந்தால், இந்த வீட்டில் என் எதிரிலேயே உட்கார்ந்து "ம்" சொல்லிக்கொண்டிருப்பாள். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டிசம்பரில் ஐரோப்பியக் கோப்பையின் பிரிவு ஆட்டங்களில் கடைசி மேட்ச். சொந்த மைதானத்தில். ஜெயித்தால் அடுத்த சுற்று, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு டிவியில் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு தடவ கிரவுண்டுக்குப் போய் உக்காரு மக்ளே. நாங்க இங்கன இருந்து ஒன்னயப் பாக்கோம்." அவள் மாட்டேன் என்றாள். ரூட் கெனாலுக்குப் பயந்து ஓடுகிறவர்களைத் திரும்ப நாற்காலிக்குக் கொண்டுவருவது என் வேலை, விடவில்லை. கடைசியில் கூடப் படிக்கும் பிள்ளைகளோடு போகச் சம்மதித்தாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நம் ஆட்களுக்குப் பொன்னாடை போர்த்தாமல் எந்தக் காரியமும் முடியாது. மேடை ஏறினாலும் பொன்னாடை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பொன்னாடை. எங்கள் வீட்டில் ஒன்று மிக்சியை மூடியிருக்கிறது, இன்னொன்று இவருடைய டூல்ஸ் பெட்டியை. மகள் புறப்படும்போது ஜெபக் கூட்டத்துப் பெண்கள் அவளுக்கும் ஒன்று போர்த்தி அனுப்பியிருந்தார்கள். பளீரென்ற பச்சை, இரண்டு பக்கமும் ஜரிகை. "எல்லாரும் நீலமா இருப்பாவ. கூட்டத்துல ஒன்னய அடையாளம் தெரியணும்லா, அந்தப் பச்சைப் பொன்னாடைய ஜாக்கெட் மேல போட்டுக்க" என்றேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மேட்ச் அன்று டிவியில் இரண்டு அணியும் வெளியே வந்தன. எங்கள் நீலம் வந்தது. பின்னால் எதிரணி வந்தது. பச்சைச் சட்டை, மஞ்சள் கரை. இவர் சோற்றில் கையை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எட்டி, இது நம்ம பொன்னாடை கலர்லா?"

ஆஃப்சைடு வரைக்கும் கற்றுக்கொண்டவள், எதிரணி என்ன சட்டை போடும் என்று ஒரு தடவை பார்த்திருக்க மாட்டேனா? போன் போட்டேன், எடுக்கவில்லை. நூறு தடவை போட்டாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது என்று இவர் சொன்னார். அதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது.

கேமரா வெளியூர் ரசிகர்கள் இருந்த மூலைக்குப் போனது. கொஞ்சம் பேர்தான், தடுப்பு வைத்து, சுற்றிலும் காவலர்கள் நின்றார்கள். எல்லோரும் பச்சையும் மஞ்சளுமாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கறுப்பு ஜாக்கெட், அதன் மேல் விளக்கு வெளிச்சத்தில் ஜரிகை மின்னியது. என் மகள்.

"எதிராளி கூட்டத்துல இவ என்ன செய்யுதா?" என்று இவர் எழுந்து நின்றுவிட்டார். நான் டிவிக்குக் கிட்டே போனேன். அவள் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மீசைக்காரர் ஜரிகையைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்கிறார், இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஏர்போர்ட்டில் உள்ளே போகும்போது பார்த்ததற்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. கேமரா திரும்பிவிட்டது. நான் டிவியைத் திட்டினேன்.

இடைவேளைக்குப் பிறகு கார்னரிலிருந்து வந்த பந்தை எங்கள் ஆள் தலையால் முட்டி உள்ளே அனுப்பினான். மைதானம் முழுக்க நீலம் எழுந்து நின்றது. வாடிய முகங்களைக் காட்டுவதில் இந்த டிவிக்காரர்களுக்கு ஒரு சுகம். உடனே அதே மூலைக்குப் போனார்கள். அத்தனை பேரும் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருக்க, ஒருத்தி மட்டும் நாற்காலி மேல் ஏறி நின்று, பச்சைப் பொன்னாடையைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "க்யா ஹுவா?", என்ன ஆச்சு என்று கேட்டார்.

அதற்கு மேல் கோல் விழவில்லை. டிரா. ஐரோப்பா முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. ஸ்பீக்கரில் போட்டேன். "நல்ல ஐடியா குடுத்தீங்க மம்மி. கேட்ல நின்ன ஆளு பொன்னாடையப் பாத்துட்டு என்னய மட்டும் தனியா அந்தப் பக்கம் தள்ளிட்டான். நான் இந்த ஊருதான், இந்த ஊருதான்னு ரஷ்யன்ல திருப்பித் திருப்பிச் சொல்லுதேன், நம்பவே மாட்டேங்கான்." அந்தப் பக்கத்து ஆட்கள் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்களாம். கோல் விழுந்து இவள் குதித்தபோது மீசைக்காரர், விழுந்துவிடாதே என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம். அப்புறம் ரெஃப்ரியைத் திட்டினாள், தடுப்பாட்டக்காரனைத் திட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"கடைசில பெனால்ட்டி குடுத்திருக்கணும் மம்மி. சரி, போவட்டும். அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்" என்றாள்.

அவள் சொன்னது அவளுக்கே உறைத்ததா தெரியாது. இவர் தன் போனைக் கையில் எடுத்தார், நவம்பரிலிருந்து திறந்தே இருந்த டிக்கெட் பக்கத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், மூடினார். பிறகு காய்ந்துபோன கையோடு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

சீசனையும் முடித்துவிடுகிறேன். மார்ச்சில் லீக் மறுபடி தொடங்கி, கோடையில் எங்கள் கிளப் ஐந்தாவதாக வந்தது. முதல் ஹோம் மேட்சிலிருந்து அவள் அனுப்பிய போட்டோவில் நீல மஃப்ளர் போட்டிருந்தாள். பொன்னாடை ஹாஸ்டல் ஜன்னல் இடுக்கில் குளிர் வராமல் அடைக்கப் பயன்படுகிறதாம். அதெல்லாம் பின்னால்.

டிரா ஆன அடுத்த புதன்கிழமை, ஜெபக் கூட்டத்தில் என் முறை வந்தபோது, விண்ணப்பம் இல்லை, நன்றி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்றேன். எல்லோர் முகமும் மலர்ந்தது.

"ஜெயிச்சிட்டாவளாட்டி?" என்றார் அக்கா.

"இல்லக்கா. ஐரோப்பாவுல இருந்து வெளிய வந்துட்டாவ."

"அப்ப எதுக்கு ஸ்தோத்திரம்?"

"என் பிள்ள படிப்ப விட்டுட்டு வரமாட்டாளாம்க்கா" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே பாட்டை ஆரம்பித்தார்.