சுண்ணாம்படித்த கல் வைத்த பாத்தி

எழுபதுகளின் தொடக்கத்தில் மியூனிக் பக்கத்தில் கார்ஹிங்கில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. குடியிருப்பில் தரைத்தளத்து வீடுகளுக்கு ஜன்னலடியில் ஆளுக்கொரு துண்டு நிலம் உண்டு. மற்றவர்கள் கடையில் வாங்கிய ரோஜா வைத்தார்கள். நானோ ஈசார் ஆற்றங்கரையில் தானாக முளைத்துக் கிடந்ததை வேரோடு பெயர்த்து வந்தேன். தரையில் படரும் தைம், ஊதாக் கதிர் விடும் ஒரு செடி, அப்புறம் சிக்கரி. ஊரில் காப்பித்தூள் கலப்படம் என்று திட்டு வாங்குமே, அதேதான். அதற்கு அப்படியொரு நீலப் பூ உண்டென்று அங்கே போய்த்தான் தெரிந்தது.

களைக்குப் போய் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று இவர் கேலி செய்வார். பூக்கட்டும், பிறகு பேசுங்கள் என்பேன்.

மறு கோடையில் மொட்டு வைத்த நேரம் பார்த்து, மேல்வீட்டு அம்மாள் புகார் கொடுத்துவிட்டாள். குடியிருப்பைப் பராமரிக்கும் காவலர் வந்தார். சனிக்கிழமை புல்லோடு சேர்த்து இதையும் வெட்டிவிடுவாராம். இது தோட்டம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் மன்றாடினேன்.

"புல் எங்க முடியுது, தோட்டம் எங்க ஆரம்பிக்குது? ஓரமே இல்லையே," என்றார்.

எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. பிள்ளை மாதிரி வளர்த்திருந்தேன். ஓரம்தானே வேண்டும்? எங்கள் ஊர் தாலுகா ஆபீசில் செடி இருக்கிறதோ இல்லையோ, வாசலிலிருந்து கொடிக்கம்பம்வரை சுண்ணாம்பு அடித்த கல் வரிசை கட்டி நிற்கும். வெள்ளிக்கிழமை இவரையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்க் கூழாங்கல் சுமந்து வந்தேன். நிலவறைச் சுவருக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்துப் பூசி, பாத்தியைச் சுற்றி இடைவெளி பிசகாமல் பதித்தேன். "கலெக்டர் எப்ப வர்றார்?" என்று கேட்டார் இந்த மனுஷன்.

சனிக்கிழமை புல் வெட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. நான் ஜன்னலில் மூச்சைப் பிடித்து நின்றேன். காவலர் வெள்ளைக் கல்லருகே நின்றார், பார்த்தார், இயந்திரத்தை வளைத்துத் திருப்பிக்கொண்டு போனார். ஒரு செடிகூடப் போகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிக்கரி முழுக்கப் பூத்த ஒரு காலையில் மேல்வீட்டு அம்மாள் விருந்தாளிகளைக் கூட்டிவந்து, இதெல்லாம் இந்தியப் பூக்கள் என்று பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து நிமிர்ந்து நின்றேன்.

"இல்லைங்க," என்றேன். "எல்லாம் உங்க ஊர்ப் பூதான். இத்தனை நாளா உங்க காலடியிலதான் கெடந்துது."