கோப்பிப் பேணியில் கிடந்த கற்கள்

சிட்னியில் எங்கள் லிட்கம் வீட்டுக் குசினி யன்னலில் ஒரு பழைய தகரக் கோப்பிப் பேணி இருக்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது. உள்ளே கோப்பியும் இல்லை, சீனியும் இல்லை. கடலைப் பருமனில் கொஞ்சம் கற்கள். மனைவி இரண்டு தடவை அதைக் குப்பையில் போட்டாள். இரண்டு தடவையும் எடுத்து வந்து வைத்தேன். அதைத் தந்தவரை நாங்கள் எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிடுவோம். ஏன் எனக்குத் தந்தார் என்பது இன்றுவரை சரியாகத் தெரியாது. சில நாள் தெரியும் போல இருக்கும். அந்த நாட்களில் யன்னல் பக்கம் போகமாட்டேன்.

அப்போது சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு பேஸ்போல் கிளப்பில் மைதானம் பார்க்கும் வேலையில் இருந்தேன். நிரந்தர வேலையல்ல, கூப்பிட்டால் போகவேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கவேண்டும். விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சிவப்பு மண் தரையை வாரி, தண்ணீர் தெளித்து, மட்டப்படுத்திவிட்டால் சரி. செம்மண்ணைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. கோச் அந்த வருடம்தான் அணியின் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களின் அணிகளுக்குப் பத்து வருடம் சம்பளத்துக்கு விளையாடியவராம். அடித்த பந்து தரையோடு தரையாகப் பாய்ந்து வரும்; அதைக் குனிந்து அள்ளி, நிமிர முன்னரே எறிவதுதான் அவருடைய தொழில். வலது கையில் இரண்டு விரல்கள் வளைந்திருந்தன. இடது கண்ணுக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது.

விடிய ஆறு மணிக்கு நான் போனால் எனக்கு முன்னரே நிற்பார். நான் வாரி முடித்த தரையில் குனிந்தபடி நடப்பார், எதையோ பொறுக்கிப் பேணிக்குள் போடுவார், ஒரு கொப்பியில் எழுதுவார். நான் பார்த்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. என் வேலையில் உள்ள பிழைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்கிற மனிதனுக்கு என்னைப் பார்த்து என்ன சிரிப்பு?

போட்டி நாட்களில் இன்னும் மோசம். ஓடுகிறவர்கள் தொட்டுப் போகும் மூலைகளில் மூன்றாவதான மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்பார். தொப்பியைத் தொடுவார், காதைத் தொடுவார், இடுப்புப் பட்டியைத் தடவுவார், கடைசியில் ஒருமுறை தலையாட்டுவார். உடனே அவருடைய ஆள் ஒருவன் ஓடத் தொடங்குவான். எதிரணிக்குத் தெரியாமல் கட்டளையிடும் வழி அது என்று சொன்னார்கள். அவர் தலையாட்டும்போது நான் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். பதினேழு வயதில், ஊரில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் வரிசையில் நின்றவன் நான். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருந்து இரண்டு ஓட்டைகளால் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஆளைக் காட்டிக்கொடுப்பவனைத் தலையாட்டி என்போம். எனக்கு முன்னால் நின்ற எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பெடியனைப் பார்த்துத் தலையாட்டினான். அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்; அவன் திரும்பி வரவில்லை. என்னை மட்டும் ஏன் விட்டார்கள் என்று அவனுடைய தாய் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் என்னைக் கண்டால் நின்று பார்ப்பா.

கோச்சின் சங்கதியை மனைவியிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த மனிசனிட்டயே நேர கேளுங்கோவன்" என்றாள். கேட்டால் உசாராகிவிடுவார் என்று நினைத்து நான் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை கிளப்பில் கமிட்டிக் கூட்டம். கூட்ட அறையின் கண்ணாடிக்கு வெளியே புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மேசை நடுவில் அந்தப் பேணி. கோச் எழும்பி நின்று ஏதோ பேசினார், என் பக்கம் கையைக் காட்டினார், மனேஜர் ஏதோ கேட்கத் தலையாட்டினார். வேலை போய்விட்டது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அடுத்த இரண்டு கிழமையும் வழக்கம்போல வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வெட்டுகிற ஆட்டுக்குத்தானே நல்ல குழை போடுவார்கள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. இரவு மழை பெய்திருந்தது. நான் பிந்திப் போய், இரண்டாவது பேஸுக்குப் பக்கத்துத் தரையைச் சரியாக வாராமல் விட்டேன். தரை சரியா என்று கோச் கேட்டார். சரி என்றேன். பயிற்சியில் ஒரு பந்து எதிலோ பட்டு எழும்பி ஓர் ஆட்டக்காரனின் முகத்தில் அடித்தது. கன்ன எலும்பு உடைந்துவிட்டது. மனேஜர், கிளப்பின் மேல் பழி வராமல் பார்க்கிற அவசரத்தில், என்னை அறைக்குள் கூப்பிட்டார். தரை ஈரம் என்று நீ சொல்லியும் கோச் கேட்காமல் பயிற்சியைத் தொடங்கினார், அப்படித்தானே என்றார். இல்லை என்று சொல்லுமளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். அந்த ஒரு சொல் போதும். கண்ணாடிக்கு வெளியே கோச் நின்றார். நான் தலையாட்டினேன். சாக்கு மட்டும்தான் என் முகத்தில் இல்லை.

மாதம் முடிய அவரை நிறுத்திவிட்டார்கள். போகிற அன்று, கருவிகள் வைக்கும் கொட்டிலுக்கு வந்தார். வளைந்த விரல்களால் என் கையைப் பிடித்தார், பேணியை நான் இருக்கும் மர வாங்கில் வைத்தார், என் முகத்தைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினார். அது போய்வருகிறேன் என்பதா, நீதான் என்பதா?

அடுத்த மாதம் லொறியில் புது மண் வந்தது. மனேஜர் எனக்கு நிரந்தர வேலைக் கடிதத்தையும் தந்து, இரண்டுக்கும் நீ கோச்சுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும் என்றார். அந்தப் புதன்கிழமை கோச் பேசியது அதுதானாம். கல் அடியிலிருந்து வருகிறது, அந்த மனிதனில் பிழையில்லை, மண்ணை மாற்றுங்கள், அவனை முழுநேரம் வையுங்கள் என்றாராம். இப்படி ஒரு கல்லில் பட்ட பந்துதான் தன் கண்ணைக் கெடுத்து, தன்னை ஆட்டத்திலிருந்து அனுப்பியது என்று பள்ளத்தைத் தொட்டுக் காட்டினாராம். கடிதத்தை வாங்கிக்கொண்டு நான் கொட்டிலுக்குள் போய் இருந்து அழுதேன். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

போன மாதம் மனைவி மூன்றாம் முறை பேணியைக் கையில் எடுத்தாள். "அவ்வளவு நல்ல மனிசனை ஏன் நிப்பாட்டினவை?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து முழுவதையும் சொன்னேன். பேணியைக் கழுவித் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் எதையாவது கேட்டு நான் தலையாட்டினால், கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"வாயால சொல்லுங்கோ" என்கிறாள்.