அது பழமில்லை

கலிஃபோர்னியாவின் டயாப்லோ மலைப் பாதையோரம், பாறை இடுக்கில் இடுப்பளவு வளர்ந்திருந்த ஒரு ஜூனிபர் புதரின் முன்னால் அக்கா குந்தி உட்கார்ந்திருந்ததுதான் முதலில் ஞாபகம் வருகிறது. 1999, ஒரு சனிக்கிழமை காலை. நான் அக்கா என்று கூப்பிட்ட அவரும் கணவரும் பக்கத்து ஊரான சான் ரமோனில் எனக்கு அடுத்த அபார்ட்மென்டில் இருந்தார்கள். அவர் கணவரும் நானும் ஒரே ஆபீஸ். அக்காவின் விசாவில் வேலைக்குப் போக முடியாது. கல்யாணமாகாத எனக்கு வாரத்தில் பாதி நாள் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான்.

எங்களை அழைத்துப்போன பூங்கா ஊழியர், செடியில் இருந்த நீலம் பூசிய உருண்டைகளைக் காட்டி, பறவைகளுக்குப் பிடித்த பழம் என்றார். அக்கா கீழே கிடந்த ஒன்றை நகத்தால் கீறினார். இது பழமில்லை, பைன் மரத்தில் இருப்பதுபோன்ற கூம்புதான், செதில்கள் சதைப்பற்றாகி ஒட்டிக்கொண்டதால் உருண்டையாகத் தெரிகிறது என்று திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொன்னார்.

"விடும்மா, அவருக்குத் தெரியாததா?" என்ற கணவர் என் பக்கம் திரும்பினார். "வீட்ல சும்மா இருக்கால்ல, போர் அடிக்குது அவளுக்கு." நானும் சிரித்தேன்.

ஊழியர் சிரிக்கவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா எழுந்து சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"ஐ யாம் எ பாட்டனி லெக்சரர்." பிறகு எங்களைப் பார்த்து, "ஆறு வருஷம் காலேஜ்ல கிளாஸ் எடுத்தேன்" என்றார்.

அடுத்த மாதமே அந்தப் பூங்காவில் சம்பளமில்லாத் தொண்டராகச் சேர்ந்தார். சனிக்கிழமைதோறும் கணவரே காரில் கொண்டுபோய் விட்டார். ஒருமுறை நானும் போனேன். இருபது அமெரிக்கர்கள் அக்காவின் பின்னால் நடந்து, அவர் நின்ற இடத்திலெல்லாம் நின்றார்கள்.

2001இல் கணவருக்கு வேலை போயிற்று. கோயம்புத்தூருக்கே திரும்புவதென்று முடிவானது. கிளம்பும் நாளில் பெட்டி கட்ட உதவப் போனவன், "அன்னிக்கு மலையில சிரிச்சதுக்கு ஸாரிக்கா" என்றேன்.

அவர் டேப் ஒட்டுவதை நிறுத்தினார். "சிரிச்சத விடு தம்பி. ரெண்டு வருஷம் எங்க வீட்ல சாப்ட்டே. ஊர்ல நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு யாரோ ஒரு வெள்ளைக்காரர் கேட்டுத்தான் உனக்குத் தெரிஞ்சுது. நீ ஒரு தடவ கேட்டிருக்கலாமில்ல?"

அவர் கையிலிருந்த டேப்பை வாங்கி வைத்துவிட்டு, "காலேஜ் எப்படி இருந்துச்சுக்கா?" என்றேன்.

பெட்டி மேலேயே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஏர்போர்ட் போக வண்டி வந்து ஹார்ன் அடிக்கும்வரை நிறுத்தவில்லை.